கடன் கொடுத்தவர் கதவைத் திறந்தாரா?



போரில் இடிந்த நாடுகளைத் தூக்கி நிறுத்த அரசுகள் கொடுத்த கடனைப் பற்றியும், அந்தக் கடனோடு சேர்ந்தே வளர்ந்த ஏற்றுமதியைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன். சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் கடனை வாங்காதவர்கள் இந்த அரங்கில் குறைவாகத்தான் இருப்பார்கள். எல்.சி. என்னும் வங்கி உறுதிக் கடிதம் வந்துவிட்டதா, பையர் பணம் போட்டாரா, இ.சி.ஜி.சி. காப்பீடு இருக்கிறதா என்று தினம் தினம் கேட்கிறவர்கள் நீங்கள். இந்த ஏற்பாடுகளெல்லாம் எங்கே பிறந்தன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ஊர் செழித்திருந்த காலத்தில் இவை பிறக்கவில்லை. பாலம் உடைந்து, ஆலை எரிந்து, நாணயம் செல்லாக்காசாகிப்போன காலத்தில் பிறந்தவை இவை.

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. மறு ஆண்டே, 1919-இல், பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதிக் கடனுக்கென்று ஒரு துறையைத் தொடங்கியது. இந்த வேலைக்கென்றே ஓர் அரசு ஏற்படுத்திய துறை உலகத்தில் அதுதான் முதல். ஏன் தொடங்கினார்கள்? லங்காஷயர் ஆலைகளில் துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது. கிழக்கு ஐரோப்பாவில் உடுத்தத் துணியில்லாத மக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். விற்பவரும் இருந்தார், வாங்குபவரும் இருந்தார். நடுவில் இல்லாதது நம்பிக்கை ஒன்றுதான். வாங்குகிற நாட்டின் நாணயம் அடுத்த மாதம் என்ன விலைக்குப் போகும் என்று எந்த வங்கிக்கும் தெரியவில்லை. சரக்கைக் கப்பலில் ஏற்றிவிட்டுப் பணம் வராமல் போனால் ஏற்றியவர் கதி என்ன? அந்த இடத்தில் அரசு முன்னால் வந்தது. நீங்கள் சரக்கை ஏற்றுங்கள், பணம் வராவிட்டால் பாரத்தில் நானும் பங்கு எடுத்துக்கொள்கிறேன் என்றது. இன்று உங்கள் பாலிசியில் இருக்கும் வாசகத்தின் வேர் அதுதான்.

அதே 1919-இல் அமெரிக்காவும் இறங்கியது. போர் நிதிக்கழகம் என்று ஒன்றைப் போர்க்காலத்தில் அமைத்திருந்தார்கள். ஏற்றுமதிக்காக 100 கோடி டாலர் வரை கடன் கொடுக்கும் அதிகாரத்தை அதற்கு அளித்தார்கள். ஐரோப்பாவுக்குப் பருத்தி வேண்டும், கோதுமை வேண்டும், இயந்திரம் வேண்டும். அமெரிக்க விவசாயிக்கோ சந்தை வேண்டும். கடன் இரண்டு பேருக்கும் உதவும் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு தப்பவில்லை. ஆனால் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டார்கள்.

கடன் வாங்கிய நாடு எதைக் கொண்டு திருப்பிக் கொடுக்கும்? பொருளைச் செய்து விற்றுத்தான் கொடுக்க முடியும். யாரிடம் விற்கும்? கடைசியில் கடன் கொடுத்தவரிடம்தான் விற்க வேண்டும், அல்லது அவரிடம் விற்கக்கூடிய வேறொருவரிடம் விற்க வேண்டும். வேறு வழி உண்டா? இல்லை. அப்படியானால், இந்த மாலை முழுவதும் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன். கடன் கொடுத்தவர் கதவைத் திறந்தாரா?

முதல் போருக்குப் பிறகு திறக்கவில்லை. நேச நாடுகள் அமெரிக்காவுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 1,000 கோடி டாலர். அதை வட்டியோடு கேட்ட அதே அமெரிக்கா, 1922-இல் இறக்குமதி வரியை உயர்த்தியது. 1930-இல் மறுபடியும் உயர்த்தியது. பணத்தைக் கொடு, ஆனால் உன் சரக்கைக் கொண்டு வராதே என்றால் கொடுப்பவர் என்ன செய்வார்? மேலும் கடன் வாங்கினார்கள். ஜெர்மனி அமெரிக்க வங்கிகளிடம் வாங்கி பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இழப்பீடு கட்டியது. அவர்கள் அதையே எடுத்து அமெரிக்காவுக்குக் கட்டினார்கள். 1929-இல் நியூயார்க் சந்தை சரிந்ததும் இந்தச் சுற்று அறுந்தது. 1931-இல் அதிபர் ஹூவர் எல்லாத் தவணைகளையும் ஓராண்டு நிறுத்திவைத்தார். அதன் பிறகு பழைய ஓட்டம் திரும்பவே இல்லை. சின்னஞ்சிறு பின்லாந்தைத் தவிர மற்ற பெரிய பெயர்களெல்லாம் அடுத்த சில ஆண்டுகளில் கட்டுவதை விட்டுவிட்டன. அதற்குப் பிறகு ஜெர்மனியில் யார் ஆட்சிக்கு வந்தார், உலகம் எங்கே போய் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். வரிச்சுவர் ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேலையற்று வீதியில் நின்ற லட்சக்கணக்கானவர்களின் துயரத்தில் அந்தச் சுவருக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது 1945-க்கு வாருங்கள்.

போர் முடிந்த கையோடு, அந்த ஆகஸ்டு மாதத்திலேயே, அமெரிக்கா தன் நேச நாடுகளுக்குப் போர்க்காலத்தில் கொடுத்துவந்த குத்தகை உதவியை நிறுத்தியது. பிரிட்டனுக்குத் தலையில் இடி. உலகத்துக்கே கடன் கொடுத்த லண்டன், கையேந்தும் நிலைக்கு வந்தது. கெயின்ஸ் என்ற பொருளாதாரப் பேரறிஞர், இதய நோயோடு போராடிக்கொண்டே வாஷிங்டன் போய் மாதக்கணக்கில் பேசினார். 1945 டிசம்பர் 6 அன்று கையெழுத்தானது: 375 கோடி டாலர், இரண்டு சதவீத வட்டி, 1951 முடிவிலிருந்து ஐம்பது ஆண்டுத் தவணை. கனடா 125 கோடி டாலர் கொடுத்தது. கடைசித் தவணையை பிரிட்டன் எப்போது கட்டியது தெரியுமா? 2006 டிசம்பரில்!

வட்டி குறைவுதான், தவணை நீளம்தான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. 1947 ஜூலை 15 முதல், வணிகத்தில் பவுன் சம்பாதிக்கிறவர்கள் அதை டாலராக மாற்றிக்கொள்ள பிரிட்டன் அனுமதிக்க வேண்டும். இடிபாடுகளிலிருந்து இன்னும் எழாத நாட்டுக்கு இப்படி ஒரு நாளைக் குறித்தார்கள். நாள் வந்தது. பவுன் வைத்திருந்தவர்களெல்லாம் டாலருக்கு ஓடினார்கள். ஐந்தே வாரம்தான். ஆகஸ்டு 20 அன்று பிரிட்டன் கதவை இழுத்துச் சாத்தியது. ஐந்தாறு ஆண்டுக்கு வரும் என்று நம்பிய கடனின் பெரும்பகுதி அதற்குள் கரைந்துவிட்டது. கடனின் அளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எழுந்து நிற்க அவகாசம் இல்லாவிட்டால் அது நிற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நான் அறியேன்.

அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் மக்கள் ஏற்றுமதிக்காக என்ன விலை கொடுத்தார்கள்? அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போர் நடந்தபோதுகூட அங்கே ரொட்டிக்குப் பங்கீடு கிடையாது. போர் முடிந்து, 1946 ஜூலையில் ரொட்டிக்குப் பங்கீடு வந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர் என்பது பீங்கானுக்குப் பேர்போன வட்டாரம். அங்கே சூளையிலிருந்து வரும் பூப்போட்ட கோப்பைகளும் தங்க விளிம்பிட்ட தட்டுகளும் கப்பலேறி வெளிநாடு போயின. உள்நாட்டுக்காரருக்கு வெறும் வெள்ளைக் கோப்பைதான். 1952 வரை அதுதான் சட்டம்! நாள் முழுக்க உட்கார்ந்து கோப்பையில் ரோஜாப்பூ வரையும் பெண், மாலை வீட்டுக்குப் போய் வெள்ளைக் கோப்பையில் தேநீர் குடித்தாள். தான் வரைந்த பூவைத் தான் வாங்க முடியாது. ஏன்? அந்தப் பூ டாலர் கொண்டுவரும். அந்த டாலர் கோதுமை கொண்டுவரும்.

கார்களும் அப்படித்தான். செய்கிற கார்களில் பாதியையாவது ஏற்றுமதி செய்யுங்கள் என்று அமைச்சர் கிரிப்ஸ் 1945-லேயே கார் உற்பத்தியாளர்களிடம் கேட்டார். இரும்புப் பங்கீடே ஏற்றுமதியைப் பார்த்துத்தான் கிடைத்தது. அந்த ஏற்றுமதி அலையின் ஒரு துளி நம் கரைக்கும் வந்தது. 1948-இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. மறு ஆண்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி ஓடவிட்டது. அந்த நிறுவனத்தைத்தான் இன்று அசோக் லேலண்ட் என்று அறிகிறோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர என் மனம் ஒப்பவில்லை. பிரிட்டனுக்கு அந்தப் போரில் கடன் கொடுத்தது அமெரிக்காவும் கனடாவும் மட்டுமா? இந்தியாவும் கொடுத்தது! நம் பருத்தித் துணி, நம் தோல், நம் சணல், நம் தானியம், நம் ரயில், நம் உழைப்பு, எல்லாம் போருக்குப் போனது. அதற்கு பிரிட்டன் தர வேண்டிய பங்கு, லண்டனில் பவுன் கணக்கில் நம் பெயரில் எழுதிவைக்கப்பட்டது. இங்கே ரூபாய் நோட்டு அச்சாகிக்கொண்டே போனது. விலைவாசி ஏறியது. வங்கத்தில் பஞ்சத்தில் மக்கள் மடிந்தார்கள். போர் முடிந்தபோது அந்தக் கணக்கில் நின்றது ஏறத்தாழ 130 கோடி பவுன். கடன் கொடுத்தவர் கடனாளியைவிட ஏழை.

1944-இல், உலக நாணய ஏற்பாட்டை வகுக்கக் கூடிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழு இந்தப் பிரச்சினையை எழுப்பியது. குழுவில் ஒருவரான ஏ.டி. ஷ்ராஃப், வங்கியில் பத்து லட்சம் டாலர் இருந்தும் டாக்சிக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத மனிதரைப் போல் நிற்கிறோம் என்று எடுத்துச் சொன்னார். அதே குழுவில் இந்தக் கோவை மண்ணின் மைந்தர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக, 1948-இல் அவரே லண்டன் சென்று அந்தக் கணக்கைப் பேசித் தீர்த்தார். பிரிட்டன் இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுன் கழித்தார்கள். வெள்ளை அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கும் கழித்தார்கள். மிச்சம் தவணை தவணையாக வந்தது. அதில் பெரும்பகுதிக்கு பிரிட்டிஷ் சரக்குதான் வாங்க முடிந்தது. அதாவது, நம் சேமிப்பே அவர்கள் ஏற்றுமதிக்குச் சந்தை ஆனது. போருக்குப் பிந்தைய புனரமைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் ஐரோப்பாவுக்கு அமெரிக்கா உதவிய மார்ஷல் திட்டத்துக்கு நூறு பக்கம் ஒதுக்குகிறார்கள். இந்திய விவசாயி அரைவயிறு உண்டு கொடுத்த இந்தக் கடனுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா?

மறுபடி அமெரிக்காவுக்கு வருவோம். அதன் ஏற்றுமதி இறக்குமதி வங்கி 1934-இல் சிறிதாகத் தொடங்கியது. 1945-இல் அதன் கடன் கொடுக்கும் வரம்பை 70 கோடியிலிருந்து 350 கோடி டாலராக உயர்த்தினார்கள். பிரான்ஸ், ஹாலந்து, பெல்ஜியம், நார்வே, பின்லாந்து எல்லாம் வரிசையில் நின்றன. 1946 மே மாதம் பிரான்சின் முதுபெரும் தலைவர் லியோன் புளும் வாஷிங்டன் போய் 65 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டுத் திரும்பினார். அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது சினிமா! பதின்மூன்று வாரத்தில் நான்கு வாரம் பிரெஞ்சுப் படம் ஓடினால் போதும், மீதி வாரங்களில் யார் படம் வேண்டுமானாலும் ஓடலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பாரிசில் நடிகர்களும் தொழிலாளர்களும் தெருவில் இறங்கினார்கள். இங்கே கதவு திறந்தது, ஆனால் கடன் வாங்கியவர் வீட்டுக் கதவு. நான் கேட்பது கொடுத்தவர் வீட்டுக் கதவை.

அந்தக் கதவு எப்போது அசைந்தது? 1947 ஜூன் 5 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் ஐரோப்பாவுக்கு உதவுவது பற்றிப் பேசினார். 1948 ஏப்ரலில் அதற்கான சட்டத்தில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். அடுத்த நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் மேற்கு ஐரோப்பாவுக்குப் போனது. பெரும்பகுதி மானியம், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கடன். முதல் கப்பல் டெக்சாசின் கால்வஸ்டன் துறையிலிருந்து 9,000 டன் கோதுமையோடு பிரான்சின் போர்டோ துறைக்குப் போனது.

மார்ஷல் திட்டத்தில் பணம் எப்படி நடந்தது என்பதை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள், மாணவர்கள் முக்கியமாகக் கேளுங்கள். பிரான்சில் ஒரு விவசாயிக்கு டிராக்டர் வேண்டும். அவரிடம் பிராங்க் இருக்கிறது. டிராக்டர் செய்கிற அமெரிக்கக் கம்பெனிக்கு பிராங்க் வேண்டாம், டாலர்தான் வேண்டும். அமெரிக்க அரசு அந்தக் கம்பெனிக்கு டாலரைக் கொடுத்துவிடுகிறது. டிராக்டர் கப்பல் ஏறுகிறது. விவசாயி அதை இலவசமாக வாங்கவில்லை. தன் பிராங்கைக் கொடுத்துத்தான் வாங்குகிறார். அந்த பிராங்க் எங்கே போகிறது? அமெரிக்காவுக்குப் போகவில்லை. பிரெஞ்சு அரசின் தனிக் கணக்கில் போய் உட்காருகிறது. அமெரிக்காவின் சம்மதத்தோடு அதிலிருந்து எடுத்து மின்நிலையம் கட்டினார்கள், சுரங்கத்தைச் சீர்செய்தார்கள், தண்டவாளம் போட்டார்கள். ஒரு டாலர் இரண்டு வேலை செய்தது. டிராக்டரும் வந்தது, மின்சாரமும் வந்தது.

மேற்கு ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. 1948-இல் பிராங்க்பர்ட்டில் புனரமைப்புக் கடன் வங்கியை நிறுவி, அந்த உள்நாட்டுப் பணத்தை ஆலைகளுக்குக் கடனாகவே கொடுத்தது. திரும்பி வந்ததை மறுபடி கடன் கொடுத்தது. அந்த நிதி இன்றுவரை சுழன்றுகொண்டிருக்கிறது.

அமெரிக்காவுக்கு இதில் லாபமே இல்லையா? உண்டு. சரக்கில் பாதி அமெரிக்கக் கப்பலில்தான் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அவர்கள் ஆலைகள் ஓடின, துறைமுகங்கள் ஓடின. சோவியத் செல்வாக்கைத் தடுக்கும் நோக்கமும் இருந்தது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனாலும் முதல் போருக்குப் பிறகு செய்யாத ஒன்றை அவர்கள் இம்முறை செய்தார்கள். 1950-இல் ஐரோப்பியக் கொடுக்கல்வாங்கல் ஒன்றியம் என்று ஒன்று பிறந்தது. ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் விற்கலாம், வாங்கலாம். மாதம் முடிந்ததும் பாசல் நகரில் எல்லார் கணக்கையும் ஒன்றாகக் கூட்டிக் கழிப்பார்கள். மிச்சத்துக்கு ஒரு பகுதி தங்கம், ஒரு பகுதி கடன். இதற்கு முதலாக 35 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்கா. எதற்காகக் கொடுத்தது? அமெரிக்கச் சரக்குக்குக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டே ஐரோப்பியர்கள் ஒருவரிடம் ஒருவர் வாங்குவதற்காக! தன் சரக்கு பின்னால் தள்ளப்படும் ஏற்பாட்டுக்குத் தானே முதல் போட்டது. மார்ஷல் திட்டத்தை நடத்திய உதவி அலுவலகத்தின் தலைவராக இருந்த பால் ஹாஃப்மன், கார் கம்பெனி ஒன்றின் தலைவராக இருந்தவர். தன்னைப் போன்ற ஏற்றுமதியாளருக்குச் சில ஆண்டுகள் இழப்பு என்று தெரிந்தே அதை நடத்தினார்.

அந்த ஒன்றியத்தின் முதல் சோதனை ஜெர்மனிதான். 1950 முடிவில் அது அளவுக்கு மீறி வாங்கி, கொடுக்க முடியாமல் திணறியது. மற்றவர்கள் கதவை அடைத்துத் துரத்தவில்லை. 12 கோடி டாலர் தனிக் கடன் கொடுத்தார்கள், அதன் சரக்கைத் தொடர்ந்து வாங்கினார்கள். 1951 நடுப்பகுதிக்குள் அந்தக் கடன் அடைந்துவிட்டது. 1953 பிப்ரவரியில் லண்டன் ஒப்பந்தம் வந்தது. ஜெர்மனியின் பழைய கடன்களைச் சுமார் பாதியாகக் குறைத்தார்கள். மீதியை ஏற்றுமதியில் மிஞ்சும் பணத்திலிருந்து கட்டட்டும் என்று வகுத்தார்கள். இதன் பொருள் என்ன? பணம் வேண்டுமென்றால் ஜெர்மன் சரக்கை வாங்கு! ஜெர்மன் படைகளால் சூறையாடப்பட்ட கிரேக்கமும் அதில் கையெழுத்திட்டது. கதவு திறந்தது, ஐயா! அதனால்தான் ஜெர்மனி எழுந்தது. ஜெர்மானியரின் உழைப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மை. 1920-களிலும் அவர்கள் உழைக்கத்தான் செய்தார்கள்.

ஜப்பானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் அமெரிக்கப் பருத்தி கடனாக வந்தது, துணி நெய்து விற்று அடைத்தார்கள். 1950 டிசம்பரில் ஏற்றுமதி வங்கியை நிறுவினார்கள். 1951 சான்பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கையின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா இழப்பீடே வேண்டாம் என்று சொன்னதை ஜப்பானிய மக்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். இழப்பீடு கேட்ட பர்மாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் ஜப்பான் பொருளாகவும் சேவையாகவும் கொடுத்தது. அந்தப் பொருளுக்குப் பிறகு உதிரி பாகம் வேண்டும், பழுது பார்க்க வேண்டும். சந்தை தானாக உருவானது. 1958-இல் ஜப்பான் தன் முதல் யென் கடனைக் கொடுத்தது. வாங்கிய நாடு இந்தியா.

நாமும் இந்தப் பாதையில் வந்தோம். 1957-இல் ஏற்றுமதி இடர் காப்பீட்டுக் கழகம் வந்தது. அதன் இன்றைய பெயர்தான் இ.சி.ஜி.சி. 1982-இல் எக்சிம் வங்கி வந்தது. வாங்கிக்கொண்டே இருந்த நாடு கொடுக்கிற நாடாக மாறியது. கொடுத்ததில் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது.

இலங்கையின் உள்நாட்டுப் போரில், யாழ்ப்பாணத்துக்கு 1990 ஜூனோடு ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போட்டார்கள். போர் 2009-இல் முடிந்தது. இந்திய அரசின் கடனில், நம் இர்கான் நிறுவனம் ஓமந்தையிலிருந்து வடக்கே பாதையைத் திரும்பப் போட்டது. 2014 அக்டோபர் 13 அன்று யாழ்தேவி ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. மனம் நிறைகிற செய்திதான். இத்தகைய கடனில் பொதுவாக நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் இந்தியச் சரக்கும் சேவையும் இருக்க வேண்டும் என்பது நம் அரசின் விதி. நம் தொழிலுக்கும் ஆர்டர் கிடைத்தது. அதிலும் தவறில்லை.

ஆனால் என் கேள்வியை இப்போது உங்களிடம் கேட்கிறேன். கடன் கொடுத்தவர் நாம். நாம் கதவைத் திறந்தோமா? இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டன, 2000-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் ஆயத்த ஆடைக்கு ஓர் எல்லை கட்டப்பட்டது: ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படிகள் வரைதான் வரிச் சலுகை. எல்லை கட்டச் சொன்னவர்கள் நம்மைப் போன்ற ஆடைத் தொழில்காரர்கள். அன்று அதற்குக் காரணம் இருந்தது. போர் முடிந்த பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடை ஆலைகள் வந்திருக்கின்றன. தகப்பனை இழந்த, கணவனை இழந்த பெண்கள் அங்கே தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தைக்கும் சட்டைக்கு இந்த எல்லையைத் தளர்த்தினால் கோவைக்கும் திருப்பூருக்கும் கொஞ்சம் போட்டி வரும். வரட்டும் என்று சொல்ல நம்மால் முடியுமா? வட மாகாணத்தில் தைத்த ஆடைகளை அந்த எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள் என்று டெல்லிக்கு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலருகே மேசையில் வைத்திருக்கிறோம். ஏற்றுமதிச் சங்கங்களின் தலைவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். போகும்போது படித்துப் பாருங்கள், மனம் ஒப்பினால் கையெழுத்திடுங்கள்.